நான் சொல்லிவிட்ட ஊர்ப்பெயர்

இரண்டாயிரங்களின் நடுப்பகுதியில், ஜெர்மனியின் ரூர் பகுதியில் ஒரு சிறு நகரத்தில், சிறுவர் நல அலுவலகமான யூகென்ட்அம்ட்டில் வேலை செய்தேன். பிரிந்து வாழும் தகப்பன்மாரிடமிருந்து பிள்ளைகளுக்கான தாபரிப்புப் பணத்தைப் பெற்றுக்கொடுப்பது எங்கள் பிரிவின் பொறுப்பு. அங்கே தமிழ் ஆள் நான் ஒருத்திதான்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை தொலைபேசி அடித்தது. பக்கத்து நகர யூகென்ட்அம்ட்டிலிருந்து பேசுவதாகச் சொன்னவர் தன் பெயர் க்ரூஸ என்றார். சுத்தமான அலுவலக ஜெர்மன். எங்களிடமிருந்த ஒரு கோவையின், அதாவது ஃபைலின், இலக்கம், அதிலிருந்த பிள்ளையின் பிறந்த திகதி எல்லாவற்றையும் தடங்கலில்லாமல் சொன்னார். பிள்ளை இப்போது தங்கள் அலுவலக எல்லைக்குள் வந்துவிட்டதாம், கோவையை அனுப்ப முடியுமா என்று கேட்டார்.

அது சுதாவின் கோவை. கணவனின் அடிக்குப் பயந்து மூன்று வயது மகளோடு ஊர் மாறியவள். அவளுடைய விலாசத்தை யாருக்கும் கொடுக்கக்கூடாது என்று பதிவில் தடை இருந்தது. கணவனுக்குப் போகும் கடிதத்தின் தலைப்பில்கூடப் புது ஊர் தெரியக்கூடாது என்றுதான் கோவையை எங்களிடமே வைத்திருந்தோம். எல்லாம் எனக்குத் தெரியும். இருந்தும், டெர்மினுக்கு, முன்பே குறித்த சந்திப்புக்கு, வந்த ஒரு தாய் என் முன்னால் காத்திருந்த அவசரத்தில், அது உங்கள் எல்லை இல்லையே என்று சொல்லி, சுதா இருந்த ஊரின் பெயரையும் சொல்லிவிட்டேன்.

அடுத்ததாகத் தெருவைக் கேட்டார். அப்போதுதான் திரையிலிருந்த தடைக்குறி கண்ணில் பட்டது. நானே திருப்பி அழைக்கிறேன் என்றேன். பிறகு அதே குரல், அதே அமைதியோடு, தமிழில் சொன்னது:

"சரி அக்கா. அவசரமில்லை, ஆறுதலாப் பாருங்கோ."

நான் ஒரு தமிழ்ச் சொல்லும் பேசியிருக்கவில்லை.

தொலைபேசிப் புத்தகத்தில் இலக்கத்தைத் தேடி அந்த அலுவலகத்துக்கு அழைத்து, க்ரூஸவைக் கேட்டேன். எடுத்த பெண் கொஞ்சம் தயங்கினார். அவர் இறந்து ஒரு வருடமாகிறது என்றார்.

விளக்கம் எளிதுதான். பேசியது சுதாவின் கணவன். அந்தக் குடும்பம் முன்பு க்ரூஸவின் நகரத்தில்தான் இருந்தது. க்ரூஸ கையெழுத்திட்ட பழைய கடிதங்கள் கணவனிடம் இருந்தன. கோவை இலக்கமும் என் தமிழ்ப் பெயரும் நான் அவனுக்கு அனுப்பிய கடிதத்திலேயே இருந்தன. இதெல்லாம் விளங்கிய பிறகும் எனக்குத் தோன்றியது ஒன்றுதான். இறந்துபோன ஒருவருக்கு நான் பதில் சொல்லியிருந்தேன்.

பிரிவுத் தலைவியிடம் ஒன்றும் மறைக்காமல் சொன்னேன். அவர் திட்டவில்லை. முதலில் தாய்க்குச் சொல்லுங்கள் என்று தொலைபேசியை என் பக்கம் தள்ளினார்.

சுதா முழுவதையும் கேட்டாள்.

"ஊரின்ர பேர் சொன்னனீங்களோ, அக்கா?"

"ஓம்."

"அப்ப நாங்கள் வெளிக்கிடவேணும்."

அவள் அழவில்லை. பின்னால் பிள்ளை ஏதோ பாடிக்கொண்டிருந்தது.

அன்று பின்னேரமே பொலிஸ் துணையோடு பெண்கள் காப்பகம் ஒன்றுக்குப் போனார்கள். வியாழக்கிழமை, அந்த ஊரின் மூன்று கிண்டர்கார்டன் வாசல்களில் ஒருவன் பிள்ளையின் படத்தைக் காட்டி விசாரித்திருக்கிறான். மூன்றாவதுதான் பிள்ளை படித்த இடம். மிகவும் மரியாதையாகப் பேசினான் என்று அங்கே வேலை செய்தவர்கள் சொன்னார்களாம். பிறகு, அவன் அவர்களை நெருங்கக்கூடாது என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. எனக்கு எழுத்தில் எச்சரிக்கை வந்தது. கோவை வேறொருவர் கைக்குப் போனது. அவர்கள் எங்கே போனார்கள் என்று நான் கேட்கவேயில்லை.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். தெருவும் வீட்டு இலக்கமும் மட்டும் இரகசியம் என்று நினைக்காதீர்கள். "உங்கள் எல்லை இல்லை" என்பதும் பாதி விலாசம்தான். கேட்பவர் யாராயிருந்தாலும் தொலைபேசியை வைத்துவிட்டு, நீங்களே தேடி எடுத்த இலக்கத்துக்கு அழையுங்கள். அதுவரை ஒரு சொல்லும் வேண்டாம்.

சில வருடங்கள் கழித்து ஒரு ரயில் மேடையில் சுதாவைக் கண்டேன். எந்த நகரம் என்று எழுதமாட்டேன். பள்ளிப்பையோடு நின்ற மகளைத் தூணுக்கு மறுபக்கம் நிற்கவைத்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"அக்கா, நீங்கள் எங்களைக் காணேல்லை."

"ஓம். காணேல்லை."

வீட்டுக்கு வந்ததும், வழியில் தெரிந்த ஆட்கள் யாரையும் கண்டேனா என்று கணவர் கேட்டார்.

இல்லை என்றேன்.