ருக்கியா திருப்பித் தந்த அண்டா

கண்டிக்குப் பக்கத்தில், கட்டுகஸ்தோட்டையில் எங்கள் சந்தில் அன்னலட்சுமி அக்கா சந்தேகப்படாத ஆள் கிடையாது. பால்காரன் தண்ணீர் கலக்கிறான், தபால்காரன் கடிதங்களைப் பிரித்துப் படிக்கிறான், மாநகர சபையில் கிளார்க்காக இருக்கும் அவள் கணவர் சுந்தரலிங்கம் டவுனில் இறைச்சிக் கொத்துரொட்டி தின்றுவிட்டு வீட்டில் சைவமாக நடிக்கிறார். கடைசியாகச் சொன்னது உண்மை என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

பக்கத்து வீட்டு ருக்கியாவை மட்டும் அவள் நம்பினாள். கொஞ்சம் குறைத்தே நம்பினாள் என்று சொல்ல வேண்டும். நோன்புக் கஞ்சி காய்ச்ச ருக்கியா வருஷம் தவறாமல் அவளுடைய பித்தளை அண்டாவை இரவல் வாங்குவாள். பெருநாள் முடிந்து அண்டா திரும்பி வந்ததும், அன்னலட்சுமி வீட்டின் பின்பக்கம் விறகு மூட்டி, வெறும் அண்டாவை நெருப்பின்மேல் கவிழ்த்துச் சுடுவாள். இறைச்சி பட்ட தீட்டு அதோடு போய்விடும் என்பது அவள் எண்ணம். பிறகு புளி போட்டுத் தேய்த்தால் பித்தளை பளபளக்கும். ருக்கியாவுக்கு இது தெரியாது.

எழுபத்தொன்பதில் திருச்சிக்குப் போய்வந்த அவள் அண்ணன் அவளுக்கு ஓர் எவர்சில்வர் அண்டா கொண்டுவந்தார். அந்த வருஷம் ருக்கியாவுக்கு அதையே கொடுத்தாள். வந்ததும் வழக்கம்போல் நெருப்பில் கவிழ்த்தாள். புது அண்டா என்பதால் அக்கறை கூடி, சிவக்கும்வரை விட்டாள். நீலமும் பழுப்புமாகப் படர்ந்ததைச் சாம்பல் போட்டுத் தேய்த்து வைத்தாள். அடுத்த வாரம் கோயில் பூசைக்காக அதில் புளிச்சாதம் கிளறினாள். மறுநாள் கழுவும்போது உள்ளே துருப் புள்ளிகள்.

"எவர்சில்வர் துருப்பிடிக்குமா? மாத்திட்டா! நல்லத வச்சுக்கிட்டு போலியத் தந்துட்டா!"

அண்டாவின் விளிம்பில் வெட்டியிருந்த அவள் பெயரைக் காட்டினோம். "அதையும் பாத்து வெட்டியிருக்காங்க" என்றாள்.

பேச்சு சந்து முழுக்கப் பரவியது. பெண்கள் தங்கள் பாத்திரங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். "அக்கா, நான் மாத்துவேனா?" என்று ருக்கியா வாசலில் வந்து கேட்டாள். அன்னலட்சுமி கதவைச் சாத்தினாள். அதன்பின் ருக்கியா எங்கள் வீடுகளின் முன்னால் தலைகுனிந்து போகத் தொடங்கினாள். எனக்கு ஆத்திரமாக வந்தது.

அண்டா போலிதான் என்று ஒருவர் வாயால் சொல்லவைக்க, அன்னலட்சுமி அதைத் தூக்கிக்கொண்டு அக்குறணைக்கு பஸ் ஏறினாள். அங்கே வெல்டிங் கடை வைத்திருந்த தாஸிம் அதைப் புரட்டிப் பார்த்தார்.

"நல்ல சாமான்தான். வெறுமனே நெருப்புல போட்டீங்களா?"

"அடுப்புல வைக்காம பின்ன?"

"சோறு, தண்ணி உள்ளுக்கு இருந்தா எவ்வளவு எரிச்சாலும் பரவால்ல. வெறும் சட்டி சிவந்தா, துருப் பிடிக்காம தடுக்கிற சத்து கெட்டுப் போகும். பொறகு உப்பு, புளி பட்டா இரும்பு மாதிரித்தான். நாங்க ஒட்டுற எடமும் நீலம் பூக்கும். அத உரஞ்சி எடுக்காம குடுக்க மாட்டோம்."

இவன் ருக்கியாவுக்குச் சொந்தக்காரன் என்று பஸ்ஸிலேயே முடிவு கட்டிவிட்டாள். அவன் பொய்யை அம்பலப்படுத்த, தன் எவர்சில்வர் டம்ளர்களில் இரண்டை எடுத்தாள். ஒன்றை நெருப்பில் சிவக்கவிட்டாள், மற்றதை அப்படியே வைத்தாள். இரண்டிலும் உப்பும் புளியும் கரைத்து ஊற்றினாள். சுடாத டம்ளர் பளபளவென்று இருந்தது. சுட்டதில் துரு பூத்தது.

அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. நேரே ருக்கியா வீட்டுக்குப் போனாள்.

"நீ மாத்தல ருக்கியா. நான்தான் நெருப்புல போட்டு கெடுத்துட்டேன். எல்லார்கிட்டயும் நானே சொல்றேன்."

ருக்கியாவின் முகம் மலர்ந்தது. கதிரையை இழுத்துப் போட்டாள். "அல்ஹம்துலில்லாஹ்! இருங்க அக்கா, தேத்தண்ணி ஊத்துறேன். அது சரி, வெறும் அண்டாவ எதுக்கு நெருப்புல போட்டீங்க?"

அன்னலட்சுமி தரையைப் பார்த்தாள்.

ருக்கியாவுக்குக் காரணம் புரிந்துவிட்டது. "நீங்க சைவம் என்டு உங்கட அண்டாவுல நான் ஒரு நாளும் எறச்சி போடல்ல அக்கா. எறச்சிக் கஞ்சிய வேற சட்டியிலதான் ஆக்கின." பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: "பித்தளை அண்டாவையும் எரிச்சீங்களா?"

"ஆமா."

"ஒவ்வொரு வருஷமுமா?"

"ஒவ்வொரு வருஷமும்."

திருடி என்று சந்தே சொன்னபோதுகூட ருக்கியா அழவில்லை. இப்போது அழுதாள்.