போர்வெல் ஒயர் போட்ட வண்டி

எங்கள் லோடு வண்டியில் கம்பெனி போட்டுக் கொடுத்த ஒயர் இப்போது பாதிகூட இருக்காது. மீதியெல்லாம் போர்வெல் மோட்டார் ஒயர். மாரண்டஹள்ளியைச் சுற்றிக் காடு கழனி வைத்திருக்கிற வீடுகளில் அந்த ஒயருக்கு மட்டும் பஞ்சம் கிடையாது. தண்ணீர் கீழே போகப் போக மோட்டாரை ஏற்றுவதும் இறக்குவதுமாக இருக்கிறோம். ஒயரில் ஒட்டுப் போடுவோம், ஒட்டு தாங்காமல் புதிது வாங்குவோம், பழையதைச் சுருட்டி ஆணியில் மாட்டுவோம். பட்டையான அந்த ஒயரைப் பிளந்தால் உள்ளே சிவப்பு, மஞ்சள், நீலம் என்று மூன்று இருக்கும். வண்டியில் எந்த ஒயர் போனாலும் என் வீட்டுக்காரர் அந்த மூன்றில் கைக்கு வந்ததை வெட்டிப் போட்டுவிடுவார். கம்பெனி கலரிலேயே வாங்கிப் போட்டால் என்ன என்று கேட்டால், வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலையச் சொல்கிறாயா என்பார். உள்ளே இருப்பது செம்பு, மேல் சட்டை எந்த நிறமாக இருந்தால் கரண்டுக்கு என்ன என்பது அவர் கட்சி.

அவர் மெக்கானிக் இல்லை. தக்காளி போடுகிற ஆள். எங்கள் தக்காளியையும் பக்கத்துக் காட்டுக்காரர்கள் தக்காளியையும் ஏற்றிக்கொண்டு மண்டிக்குப் போய் வருவதற்காகத்தான் அந்த வண்டியை வாங்கினார். ஆனால் வண்டியின் கரண்டு வேலையில் வெளி ஆள் கை வைக்க விடமாட்டார். ஓசூரில் வேலை பார்க்கும் எங்கள் மகன், அந்த வண்டிக்கான ஒயரிங் படத்தை நெட்டில் தேடி எடுத்து ஃபோனுக்கு அனுப்பி வைத்தான். ஃபோனில் பார்த்தால் எறும்பு ஊர்வது போலத்தான் தெரிந்தது. மனிதர் நேராகப் பாலக்கோட்டுக்குப் போய், ஃப்ளெக்ஸ் பேனர் அடிக்கிற கடையில் ஆள் உயரத்துக்கு அதை அடித்துக்கொண்டு வந்துவிட்டார். கடைக்காரர், காதணி விழாவா கண்ணீர் அஞ்சலியா, யார் ஃபோட்டோ வரணும் என்று கேட்டாராம். வண்டிக் கொட்டகைச் சுவர் முழுக்க அந்த ஃப்ளெக்ஸைக் கட்டினார். வீட்டுக்கு வந்த சொந்தக்காரர் ஒருவர் அதை நின்று பார்த்துவிட்டு, இது எந்த ஊர் ரோடு மேப் என்று விசாரித்தார்.

பொழுது சாயும் நேரத்தில் ஆளைக் காணோம் என்றால் தேடவே வேண்டியதில்லை. கழுதை கெட்டால் குட்டிச்சுவர். காப்பி டம்ளரோடு அந்தப் படத்தின் முன்னால் நிற்பார். என் முகத்தை அவ்வளவு நேரம் பார்த்திருப்பாரா என்பது சந்தேகம்தான், இதை அவரிடமே சொல்லியும் இருக்கிறேன். உன் முகத்தில் எந்தக் கோடு எங்கே போகிறது என்று எனக்குத் தெரியும், இதில்தான் தெரியவில்லை என்றார். வாய்க்கு மட்டும் குறைச்சல் கிடையாது.

படம் பார்ப்பதற்கு அவர் ஒரே வழிதான் வைத்திருந்தார். பேட்டரியில் கிளம்பு, பாடியில் போய் முடி. எந்தக் கோடாக இருந்தாலும் பேட்டரியில் தொடங்கி, ஃப்யூஸ் வழியாக, சுவிட்ச் வழியாக, பல்புக்குப் போய், கடைசியில் வண்டியின் இரும்பில் முடிய வேண்டும். விளக்கு எரியவில்லை என்றால் நடுவில் எங்கேயோ நின்றுவிட்டது என்று அர்த்தம். நின்ற இடத்தைக் கண்டுபிடித்துவிட்டால் வேலை முடிந்தது. இதெல்லாம் எனக்கும் தெரிந்ததற்குக் காரணம், அவர் எனக்குக் கற்றுக் கொடுத்தார் என்பதல்ல. பின்னால் விளக்கைப் பார்க்க ஒருவர் இருந்தால் முன்னால் பிரேக்கை மிதிக்க ஒருவர் வேண்டும். அடுப்பில் குழம்பு இருந்தாலும் சரி, தலையில் ஈரத்துணி இருந்தாலும் சரி, அந்த வேலை என்னுடையது. டிரைவர் சீட்டில் உட்கார்ந்துகொண்டு, எரியுதுங்களா என்று நான் கத்துவேன். எரியல, ஏ புள்ள, அங்க காலு இருக்குதா இல்லையா என்று அவர் பின்னாலிருந்து கத்துவார். எங்கள் குடித்தனத்தில் பாதிப் பேச்சு இப்படித்தான் நடந்தது. அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. வாசலில் நின்று ‘ஏ புள்ள’ என்றால் கிணற்று மேட்டில் இருக்கிற எனக்குக் கேட்கும்.

போன தை கழிந்து, மோட்டாருக்கு ஏதோ சாமான் வாங்க பைக்கில் சேலம் போனவர், திரும்பி வரும்போது தொப்பூர் அருகே விழுந்துவிட்டார். எந்த வண்டியும் இடிக்கவில்லை. ரோட்டோரத்தில் கொட்டியிருந்த ஜல்லியில் சறுக்கியதாகச் சொன்னார்கள். கை கால் எல்லாம் நன்றாக இருந்தது, தலையில் மட்டும் அடி. ஆபரேஷன் ஆகி, ஒரு வழியாக வீட்டுக்குக் கூட்டி வந்தோம். நடந்தார், சாப்பிட்டார், பேசினார். ஆனால் ஞாபகம் பிய்ந்து பிய்ந்து இருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக வரும், சிலது வராமலும் போகும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

பார்க்க வந்த ஒவ்வொருவரும் ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கீழே வைப்பதற்கு முன்னாலேயே, என்னத் தெரியுதா, நான் யாருன்னு சொல்லுங்க பாக்கலாம் என்று பரீட்சை வைத்தார்கள். சிலரைச் சரியாகச் சொன்னார். அவர்களுக்குப் பெருமை தாங்கவில்லை. சிலரைச் சொல்லவில்லை. அவர்கள் வாசலைத் தாண்டியதும் தலையில் அடித்துக்கொண்டார்கள். எனக்குக் கோபம் வந்துவிடும். உங்களைத் தெரிந்து அவருக்கு என்ன ஆகப்போகிறது என்று ஒரு முறை கேட்டேவிட்டேன். அன்றிலிருந்து அந்த வீட்டார் வருவதில்லை, நல்லதாகப் போயிற்று.

நான் மட்டும் கேட்கவில்லை. நான் யார் என்று தெரிகிறதா என்று அவரிடம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. தன் தம்பியைத் தம்பி என்று கூப்பிட்டார். மாட்டை அதே பழைய செல்லக் குரலில் கூப்பிட்டார், அதுவும் காதை ஆட்டிக்கொண்டு வந்து நின்றது. அந்த மாட்டின் மேல் எனக்கு ஏற்பட்ட பொறாமையை வெளியில் சொன்னால் சிரிப்பார்கள். என்னிடம் தண்ணி வேணும் என்பார், போதும் என்பார். நான் ஊட்டினால் வாங்கிக்கொள்வார், குளிக்கக் கூப்பிட்டால் வருவார். ‘ஏ புள்ள’ என்று மட்டும் கூப்பிடவே இல்லை. ஆஸ்பத்திரி நர்ஸுக்கும் அவர் இப்படித்தானே அடங்கி நடந்தார் என்று தோன்றும்போதெல்லாம் எழுந்து போய் ஏதாவது பாத்திரத்தைத் தேய்ப்பேன்.

இதற்கிடையில் மகன், வண்டியை விற்றுவிடலாம் என்று தொடங்கினான். நின்ற இடத்திலேயே நின்றால் வண்டி கெட்டுவிடும், அப்பா இனி ஓட்டப்போவதில்லை என்றான். அவன் சொன்னதில் தப்பில்லை. ஆனால் வண்டியை விற்றால், இவர் இனி இவ்வளவுதான் என்று நாங்களே முடிவு கட்டியது போல் ஆகிவிடும். மகனோ, வாங்க வருகிறவர்களுக்குக் காட்டவாவது வண்டி ஓடுகிற நிலையில் இருக்க வேண்டும் என்று சொல்லி, ஓட்டிப் பார்க்க ஒரு டிரைவரை அனுப்பினான். பின் விளக்கு ஒன்றுகூட எரியவில்லை. சீட்டுக்குப் பின்னால் திறந்து பார்த்தால், பின்பக்கம் போகிற ஒயர் கட்டை எலி கடித்துத் துண்டு துண்டாக்கி வைத்திருந்தது. மெக்கானிக்கைக் கூட்டி வருகிறேன் என்றான் டிரைவர். வேண்டாம், வீட்டிலேயே பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டேன்.

அப்போதுதான் எனக்கு அந்த எண்ணம் வந்தது. அந்த ஒயரெல்லாம் அவர் கையால் போட்டது. எந்த நீலம் எந்த மஞ்சளோடு சேரும் என்று அவர் ஒருவருக்குத்தான் தெரியும். அது அவருக்கு ஞாபகம் இருந்தால், சீட்டில் உட்கார்ந்து பிரேக் மிதித்தவளும் ஞாபகம் இருப்பாள். வாய் விட்டுக் கேட்க முடியாததை வண்டியை வைத்துக் கேட்டுவிடலாம் என்று நினைத்தேன். பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் அதைச் செய்வதற்கு முந்தைய இரவு, கல்யாணத்துக்கு முந்தைய இரவைப் போல எனக்குத் தூக்கமே வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் அவரைக் கொட்டகைக்குக் கூட்டிப் போனேன். ஃப்ளெக்ஸில் தூசி படிந்திருந்தது, முந்தானையால் துடைத்தேன். அவர் பார்த்தார். சும்மா பார்க்கவில்லை, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, பழையபடி இடுப்பில் ஒரு கையை வைத்துக்கொண்டு பார்த்தார். பிறகு விரலை எடுத்துப் பேட்டரியின் மேல் வைத்தார். அந்த விரல் கோட்டின் மேலேயே ஊர்ந்து ஃப்யூஸுக்குப் போயிற்று, பிரேக் சுவிட்சுக்குப் போயிற்று, ஒரு இடத்தில்கூடத் தடுமாறாமல் பின் விளக்குக்குப் போய், அங்கிருந்து பாடியில் முடிந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. வந்துவிட்டார், திரும்பி வந்துவிட்டார் என்று மகனுக்கு ஃபோன் போடக்கூடக் கை போயிற்று. முழுசாகப் பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று அடக்கிக்கொண்டேன்.

சீட்டுக்குப் பின்னால் கடிபட்ட முனைகளைப் பிரித்து வைத்து, எதை எதோடு சேர்க்க என்று கேட்டேன். கொஞ்சமும் யோசிக்காமல் ஒரு நீலத்தையும் இன்னொரு நீலத்தையும் காட்டினார். முறுக்கிச் சேர்த்து, அவரையே பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டுப் பின்னால் ஓடிப்போய்ப் பார்த்தேன். பிரேக் விளக்குக்குப் பதிலாக இடதுபக்க இண்டிகேட்டர் எரிந்தது. போகட்டும், யாருக்கும் முதல் முறை தப்பு வரும். மறுபடி கேட்டேன். வேறொரு மஞ்சளைக் காட்டினார், அதே உறுதியோடு. இந்தத் தடவை ஃப்யூஸ் போயிற்று. மாற்றிவிட்டு மறுபடி கேட்டேன். இப்போது அவர் ஒயரையே பார்க்கவில்லை, சுவரில் இருந்த படத்தைப் பார்த்து, பச்சை என்றார். படத்தில் அந்தக் கோட்டுக்குப் பச்சை என்றுதான் எழுதியிருந்தது. எங்கள் வண்டியின் பின்பக்கத்தில் பச்சை ஒயரே கிடையாது. அவர்தான் எப்போதோ அதை வெட்டி எறிந்துவிட்டு மோட்டார் ஒயரைப் போட்டிருந்தார்.

அப்போது எனக்கு விளங்கியது. யாரோ ஒருவன் எங்கேயோ உட்கார்ந்து வரைந்த படம் அவருக்கு அப்படியே நினைவில் இருக்கிறது. அவர் கையால் செய்தது, இந்தக் கொட்டகையில் வியர்வை ஒழுகச் செய்தது, நான் கூட இருந்து செய்தது மட்டும் போய்விட்டது. கடையில் கிடைக்கிற படத்தை விட்டுவிட்டு, வேறு எங்கேயும் கிடைக்காததைத் தேடிப் பிடித்து எடுத்துக்கொண்டு போயிருக்கிறது அந்த அடி. எலியாவது கண்ட இடத்தில் கடித்தது. இது பார்த்துப் பார்த்துக் கடித்திருக்கிறது. யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் ஸ்பானர் டப்பாவைக் காலால் உதைத்தேன். அவர் பயந்துபோய்ப் பார்த்தார். அதைப் பார்த்த பிறகு என்னால் கோபப்படவும் முடியவில்லை.

மிச்சத்தை நானே செய்தேன். படத்தைப் பார்த்ததில் பின்னால் எத்தனை கோடு போக வேண்டும் என்பது மட்டும் தெரிந்தது, நிறம் உதவாது. அவரைச் சீட்டில் உட்கார வைத்து மிதிக்கச் சொன்னேன். டெஸ்டர் பல்பை ஒவ்வொரு முனையாக வைத்துப் பார்த்தால், மிதிக்கும்போது எந்த முனையில் எரிகிறதோ அதுதான் பிரேக்குக்கு வருகிற ஒயர். பின்பக்கத்து முனைகளுக்குப் பேட்டரியிலிருந்து நேராகக் கரண்டு கொடுத்து, எந்த விளக்கு எரிகிறது என்று பார்த்தேன். அவர் நல்ல பிள்ளையாக, மிதிங்க என்றால் மிதித்தார், விடுங்க என்றால் விட்டார். முனைக்கு முனை கண்டுபிடித்து, முறுக்கி, டேப் சுற்றி முடித்தபோது வெயில் இறங்கியிருந்தது.

கடைசியாக ஒரு முறை பார்த்துவிடலாம் என்று அவரை இறக்கிப் பின்னால் நிற்க வைத்துவிட்டு, நான் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். அந்த இடத்தில் உட்கார்ந்ததும் பாழாய்ப்போன மனது மறுபடி ஆசைப்பட்டது. பிரேக்கை மிதித்து, எரியுதுங்களா என்று கத்தினேன்.

“எரியுதுங்க” என்றார்.

இறங்கிப் போனேன். அவர் முகத்தில் சந்தோஷம் இருந்தது. விளக்கைத் தொட்டுப் பார்த்தார், ஒயர் கட்டைக் குனிந்து பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். வீட்டுக்கு வந்த வெளியாளிடம் எவ்வளவு மரியாதையாகப் பேசுவாரோ அதே மரியாதையோடு பேசினார்.

“சுத்தமா வேல செஞ்சிருக்கீங்க. மத்தியானம் புடிச்சு நிக்கறீங்க, அப்படியே போயிராதீங்க. ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் போலாம்.”

நான் சரிங்க என்றேன். அவர் வீட்டுப் பக்கம் திரும்பி, தொண்டையைச் செருமிக்கொண்டு, கிணற்று மேடு வரைக்கும் கேட்கிற அந்தக் குரலில் கூப்பிட்டார்.

“ஏ புள்ள, ஆளு வந்திருக்காங்க. காப்பி வை.”

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் நான் கேட்கக் காத்திருந்த வார்த்தை அதுதான். ஒரு எழுத்து மாறவில்லை. அவர் மறந்துவிட்டார் என்று இனி நான் சொல்ல முடியாது. வீட்டுக்குள்ளே இருக்கிறவளை அவருக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, பக்கத்தில் நிற்கிறவளைத்தான் தெரியவில்லை. அதில் எனக்குச் சந்தோஷமும் இருந்தது என்று சொன்னால் யார் நம்புவார்கள், ஆனால் இருந்தது.

அவர் வீட்டு வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார். பதில் வராவிட்டால் மறுபடி கூப்பிடுவார், அப்போதும் வராவிட்டால் உள்ளே போய்த் தேடுவார். அறை அறையாக அவர் தேடுவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. கை கழுவிவிட்டு வருகிறேன் என்று அவரிடம் சொல்லிவிட்டு, மாட்டுக் கொட்டகையைச் சுற்றிக்கொண்டு ஓடி, புறக்கடை வழியாகச் சமையல்கட்டுக்குள் போனேன். மூச்சு வாங்கியது. அங்கே நின்றுகொண்டு, இதோ வெக்கறங்க என்று குரல் கொடுத்தேன்.