இயக்குநரின் பெயரும் பாதியில் அறுந்த வரியும்

சர்வர் அக்கா என்றால்தான் அந்தக் குடிநீர் அலுவலகத்தில் ஆளைத் தெரியும். அலுவலகக் கணினி சர்வரைப் பார்த்துக்கொள்பவள், பதினேழு வருஷமாகத் தற்காலிக ஊழியர். பதினேழு வருஷம் தற்காலிகமாம், கேட்டுக்கொள்ளுங்கள். அவளை நிரந்தரமாக்கும் கோப்பு ஆடி அசைந்து இப்போதுதான் இயக்குநர் மேஜைக்கு வந்திருந்தது. அவர் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

அந்த நேரம் பார்த்தா லாக் மென்பொருள் படுக்க வேண்டும்? எந்த வால்வு திறந்தது, யார் உள்ளே வந்தார், எந்தக் கோப்பு எங்கே போனது என்று நடப்பதையெல்லாம் வரி வரியாக எழுதிவைப்பது அதுதான். திங்கட்கிழமை முதல் தினமும் காலை பத்து பத்துக்கு நின்றுவிடும். அக்கா மறுபடி ஓட்டிவிட்டால் அடுத்த நாள் பத்து பத்து வரை சமர்த்தாக ஓடும்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள சரியாகலைன்னா உங்க ஃபைலைப் பத்தி யோசிக்க வேண்டியிருக்கும்" என்றார் இயக்குநர்.

அக்கா டிஸ்க்கைப் பார்த்தாள், மெமரியைப் பார்த்தாள். ஒரு குறையும் இல்லை. பக்கத்து மேஜை டைப்பிஸ்ட் அண்ணன் எட்டிப் பார்த்து, "எரியறதைப் பிடுங்கினா கொதிக்கறது அடங்கும்மா. எது எரியுதுன்னு முதல்ல பாரு" என்றார். அந்த மனிதர் வாயிலிருந்து வந்த உருப்படியான ஒரே வார்த்தை அதுதான். அக்கா மூன்று நாள் பதிவின் கடைசி வரியையும் எடுத்து அடுத்தடுத்து வைத்தாள். மூன்றும் பாதியில் அறுந்திருந்தன. மூன்றிலும் இருந்தது இயக்குநர் பெயர்.

போன வாரம் ஏதோ ஒரு சங்கம் அவருக்குப் பட்டம் கொடுத்திருந்தது. மனிதர் சும்மா இருப்பாரா? பட்டம், பதவி, படிப்பு எல்லாவற்றையும் பெயருக்கு முன்னும் பின்னும் சேர்த்துக் கணினியில் ஏற்றச் சொல்லிவிட்டார். பத்து பத்துக்கு அவர் உள்ளே வருவார், மென்பொருள் அந்தப் பெயரை எழுதத் தொடங்கும். ஒரு வரிக்கு இவ்வளவு எழுத்துதான் என்று அதற்கு ஒரு கணக்கு. வரி தீர்ந்துவிடும், பட்டம் தீராது, மென்பொருள் மூச்சு முட்டி விழுந்துவிடும். அதை எழுதிக்கொடுத்த கம்பெனி எப்போதோ கடையைக் கட்டிவிட்டது. பெயரைக் குறைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

அக்கா இதைச் சொன்னதும் இயக்குநர் முகம் சுருங்கியது. "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். என் பேர் குறையாது. அந்த லாக்கையே நிறுத்திடுங்க, உங்க ஃபைலை நான் பார்த்துக்கறேன்."

தலையாட்டினால் அக்காவுக்கு வேலை நிரந்தரம். ஆனால் நாளைக்கு எவனோ வால்வை மூட மறந்து தெருவெல்லாம் தண்ணீர் ஓடினால், பதிவு இல்லாத இடத்தில் பழி யார் தலையில் விடியும் என்று அவளுக்குத் தெரியாதா?

"எழுத்துல கொடுத்துடுங்க சார்" என்றாள்.

டைப்பிஸ்ட் அண்ணன் அடித்துக் கொண்டுவந்தார். 'என் உத்தரவின்படி பதிவு நிறுத்தப்படுகிறது.' இயக்குநர் அதை இரண்டு முறை படித்தார். பிறகு காகிதத்தின் ஓரமாக, எறும்பு ஊர்ந்த மாதிரி தன் பெயரில் இரண்டே எழுத்துக் கிறுக்கினார். பட்டத்தையும் காணோம், பதவியையும் காணோம்.

"இவ்வளவு போதும்னா கம்ப்யூட்டர்லயும் இதையே வச்சுடறேன் சார். லாக்கை நிறுத்தவே வேண்டாம்" என்றாள் அக்கா.

அண்ணன் இருமுவது போலத் திரும்பிக்கொண்டார். இயக்குநர் சரியென்று தலையாட்டினார், வேறென்ன செய்வார்.

மறுநாள் பத்து பத்துக்கு லாக் நிற்கவில்லை. இரண்டெழுத்துக்காரர் உள்ளே வந்ததை எழுதியது. பத்து பன்னிரண்டுக்கு, சர்வர் அக்காவின் கோப்பு கையெழுத்தில்லாமல் திரும்பிப் போனதையும் ஓர் எழுத்து விடாமல் எழுதியது.