எஸ்தர் மேடம் நிறுத்திய அறுவை சிகிச்சை

செவ்வாய்க்கிழமை காலை வந்தவாசி பஸ்ஸில் இருந்தபோது, ஆரணியில் நான் வேலை பார்க்கும் மருத்துவமனையிலிருந்து போன் வந்தது. "எஸ்தர் மேடம் போயிட்டாங்க சார். தூக்கத்துலயே." அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, எதிர்ப்பக்கம் போய் ஆரணி பஸ்ஸுக்குக் காத்து நின்றேன்.

அவரோடு வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒடிந்து கோணலாகக் கூடிப்போன எலும்பை எங்கே வெட்டி, எவ்வளவு திருப்பிப் பொருத்த வேண்டும் என்று முன்கூட்டியே கணினியில் திட்டம் போட்டு டாக்டரிடம் தருவது அவர் வேலை. ஸ்கேன் படத்தில் புள்ளி புள்ளியாகக் குறித்து ஒரு கையை முடிக்க இரண்டு நாள் ஆகும். அதைத் தானாகச் செய்யும் மென்பொருளை எழுதத்தான் என்னை எடுத்தார்கள். முதல் நாள் அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கூச்சம். அவரோ, "ஜல்தியா எழுதுங்க சார், எனக்குக் கண்ணு எரியுது" என்றார்.

எழுதினேன். நல்ல கையின் படத்தை இடம் வலமாகத் திருப்பி, கோணல் கையோடு ஒப்பிட்டு, பத்து நிமிடத்தில் திட்டம் வந்தது. பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்போதுதான் பட்டு நெய்யும் செல்வி வந்தார். இடது முன்கை ஒடிந்து கோணலாகக் கூடியிருந்தது. உள்ளங்கையை மேலே திருப்ப முடியவில்லை. மென்பொருள் தந்த திட்டத்தை டாக்டரும் ஒப்புக்கொண்டார். அறுவை சிகிச்சைக்கு முந்தின நாள், செல்வியோடு பேசிக்கொண்டிருந்த எஸ்தர் மேடம், "வலது கையையும் திருப்பிக் காட்டும்மா" என்றார். அதுவும் முழுதாகத் திரும்பவில்லை.

"இந்தக் கை எப்பவாவது ஒடிஞ்சிச்சா?"

"சின்ன வயசுல மாமரத்துலருந்து விழுந்தேங்க. யாரும் கேக்கல, அதான் சொல்லல."

ஒரு கோணல் கையை அளவாக வைத்து இன்னொரு கோணல் கையை நேராக்க இருந்தோம். அறுவையைத் தள்ளிவைத்தார்கள். எஸ்தர் மேடம் மறுபடி இரண்டு நாள் உட்கார்ந்து, தன் கையாலேயே திட்டம் போட்டார். செல்வி இப்போது தறியில் இருக்கிறார்.

என்னை அவர் திட்டவில்லை. "படத்துல இல்லாதது ஆளுகிட்ட இருக்கும் சார்" என்றார், அவ்வளவுதான். மறு கை பழுதற்றதா என்று கேட்காமல் மென்பொருள் இப்போது ஓடாது.

அதன்பின் மிச்சமான நேரமெல்லாம் அவர் நோயாளிகள் பக்கத்தில்தான். "இப்பதான் சார் வேலை பாக்குற மாதிரி இருக்குது" என்று சிரிப்பார். அவர் அடக்கத்துக்குச் சேத்துப்பட்டு சர்ச்சில் கூடியவர்களில் பாதிப் பேர் அப்படி அவரிடம் பேசியவர்கள்.

அந்தப் பழக்கத்தை நான் வைத்துக்கொண்டேன். கணினியைத் திறக்குமுன் வெளியே காத்திருக்கும் நோயாளிகளோடு போய் உட்காருகிறேன். நேற்று தேசூர்க்காரர் ஒருவர் தன் மாட்டைப் பற்றியே அரைமணி நேரம் பேசினார். எழுந்து போகும்போதுதான், அது முட்டித் தள்ளியதிலிருந்து முழங்கால் இப்படி என்றார். குறித்துக்கொண்டேன்.