கமாவுக்கு ஒரு விசில்

பெரியவர்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுப்பது, வயிறு முட்டச் சாப்பிட்டு எழுந்தவரை மறுபடி பந்தியில் உட்கார வைக்கிற வேலை. வேண்டாம் என்றும் சொல்ல மாட்டார்கள், விழுங்கவும் மாட்டார்கள்.

இங்கிலீஷில் ஒரு மெயில் அடித்துவிட்டு, அனுப்புமுன் குலசாமியைக் கும்பிடுகிற ஆள் நீங்கள் என்றால் தள்ளி உட்காருங்கள், எனக்கும் இடம் வேண்டும். நான் கூமாப்பட்டியில் தமிழ் மீடியம் படித்தவள். வாக்கப்பட்டது ஸ்ரீவில்லிபுத்தூர். மகள் நிலாவை அங்கன்வாடியில் விட்டுவிட்டு, டவுன் பஸ் பிடித்து இராஜபாளையம் வந்து, டீக்கடை மாடியில் ஜெசிந்தா அக்கா நடத்துகிற சென்டரில் பாடம் எடுக்கிறேன். படிக்க வருகிறவர்கள் ஒரு பேண்டேஜ் கம்பெனி ஆட்கள். பிள்ளை வீடு திரும்புவதற்குள் நானும் திரும்பிவிடலாம். இப்படி ஒரு வேலை இன்னொன்று கிடைக்குமா, சொல்லுங்கள்!

ஆனால் அது நிலைக்குமா என்பது மேனேஜர் கையில் இருந்தது. "எங்க ஆளுக மெயில்ல எங்க மூச்சு விடணும்னே தெரியல" என்பது அவர் குறை. மாதக் கடைசியில் அவரே வந்து வகுப்பில் உட்காருவார். பிடித்தால் அடுத்த பேட்ச் அனுப்புவார். இல்லாவிட்டால் அந்த ரூமைக் குடோனுக்கு வாடகைக்கு விட்டுவிடுவதாக ஜெசிந்தா அக்கா முதல் நாளே சொல்லிவிட்டார். அதனால் நான் கமாவில் ஆரம்பித்தேன். 'டுமாரோ', 'ஆஃப்டர் லஞ்ச்', 'ஹவ்எவர்' என்று வாக்கியத்தின் தலையில் ஏதாவது வந்தால், அதற்குப் பின்னால் ஒரு கமா, அப்புறம் சேதி. சொல்லி முடிக்க ஒரு நிமிஷம்தான். புரியவைக்கத்தான் மாதம் பத்தவில்லை.

கூடப் போனால் குற்றமில்லை

முதலில் மாட்டியது பேக்கிங் சூப்பர்வைசர் புஷ்பம் அக்கா. "நாளைக்கு நாங்கள் பெட்டிகளை அனுப்புவோம்" என்பதை இங்கிலீஷில் எழுதி வரச் சொன்னேன். எழுதி வந்தார். டுமாரோவுக்குப் பின்னால் கமா. அடடா என்று சந்தோஷப்படுவதற்குள் 'வி'க்குப் பின்னால் ஒரு கமா, 'வில்'லுக்குப் பின்னால் ஒரு கமா, 'செண்ட்'டுக்குப் பின்னால் ரெண்டு. ரசத்துக்கு மல்லித்தழை கிள்ளிப் போட்ட மாதிரி தாள் முழுக்கத் தூவிக் கிடந்தது.

"அக்கா, ஒண்ணுதானே போடச் சொன்னேன்?" என்றேன். அவர் என்னைப் பாவமாகப் பார்த்தார். "பெட்டியில கொறஞ்சாத்தான் டீச்சர் கம்ப்ளைன்ட் வரும். கூடப் போயிருக்குன்னு இன்னைக்கு வரைக்கும் எந்தப் பார்ட்டி கேட்டிருக்கான்?"

வெள்ளைத் துணியில் கறுப்பு

ஸ்டீபன் தம்பி இதற்கு நேர் எதிர். அவர் காயத்துக்குக் கட்டுகிற காஸ் துணியை விளக்கு வெளிச்சத்தில் விரித்துப் பார்த்து, பழுது இருந்தால் தனியே எடுத்துப் போடுகிற பிரிவு. அவர் நோட்டில் தேடிப் பார்த்தால் ஒரு கமா கிடையாது. தாளைச் சாய்த்துப் பிடித்தால் எல்லாக் கமாவும் போட்ட தடம் மட்டும் தெரிந்தது. போட்டிருக்கிறார், போட்டதையெல்லாம் ரப்பரால் அழித்திருக்கிறார்.

"ஏன் தம்பி, சரியாத்தானே போட்டிருக்கீங்க? எதுக்கு அழிச்சீங்க?" என்று கேட்டதும் வெட்கத்தில் நெளிந்தார். நான் விடவில்லை. கடைசியில் தலையைச் சொறிந்துகொண்டே சொன்னார்: "வெள்ளையில குட்டியா ஒரு கறுப்பு கண்டாலே எடுத்துப் போட்டுப் பழகின கை டீச்சர். நான் போடுதேன், அது அழிச்சிருது."

மதினி வாயில் கமா இல்லை

ஒருத்தர் அள்ளிப் போடுகிறார், ஒருத்தர் அழிக்கிறார். சரி, புத்தகத்தை மூடிவிட்டு நம்ம ஊர் வழக்கத்தில் சொல்லிப் பார்ப்போம் என்று இறங்கினேன். "ஒரு வீட்டுக்குப் போறோம். போனதும் இட்லிப் பானையைக் குடுன்னா கேட்போம்? 'சாப்டாச்சா, அங்கிட்டு மழை உண்டா, பிளவக்கல் டேம்ல தண்ணி கெடக்கா' எல்லாம் கேட்டுட்டு, செத்த நிறுத்தி, பொறவுதானே வந்த சோலியைச் சொல்லுவோம்? அந்தச் செத்த நேரம்தான் கமா."

வகுப்பே தலையாட்டியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அங்கேதான் தப்பு நடந்தது. யார் யார் வீட்டில் யார் யார் நேராகச் சோலிக்கு வருவார்கள் என்று பேச்சு திரும்பி, அன்றைக்கு இங்கிலீஷ் ஒரு வார்த்தை நடக்கவில்லை. சத்தம் கேட்டு ஜெசிந்தா அக்கா கதவைத் திறந்து எட்டிப் பார்த்தபோது, புஷ்பம் அக்கா எழுந்து நின்று முழங்கிக்கொண்டிருந்தார்: "எங்க மதினிக்குக் கமாவே கெடயாது! வாசல்ல செருப்பைக் கழத்தும்போதே 'அரிசி கெடக்கா'ன்னுதான் வருவா!"

கீழே நின்ற வண்டி

வழி காட்டியவர் டெஸ்பாட்ச் பரமசிவம் அண்ணன். கம்பெனிக்கு வருமுன் மினிபஸ்ஸில் கண்டக்டர். வேலை போனாலும் விசில் போகவில்லை, சட்டைப் பையிலேயே கிடக்கும். "ஒரு விசில் அடிச்சா நிக்கணும். ரெண்டு அடிச்சாப் போகணும். இம்புட்டுதான டீச்சர் உங்க கமா?" என்றார். நான் அந்த விசிலுக்கு முத்தம் கொடுக்காத குறை. புஷ்பம் அக்கா வாசித்தார்: "டுமாரோ..." பீ! மூச்சு. பீ பீ! "வி வில் செண்ட் த பாக்ஸஸ்." ஸ்டீபன் வாசித்தார்: "ஆஃப்டர் லஞ்ச்..." பீ! ஒருத்தர் மிச்சமில்லாமல் சரியாக நின்றார்கள், சரியாகக் கிளம்பினார்கள். பத்து வயசுப் பிள்ளைகள் மாதிரி ஆளாளுக்கு "எனக்கு, எனக்கு" என்று கை தூக்கினார்கள்.

திடீரென்று மாடிப்படியில் தடதடவென்று சத்தம். காக்கிச் சட்டையில் ஒருத்தர் மூச்சு வாங்க வந்து நின்றார். கீழே போய்க்கொண்டிருந்த மினிபஸ்ஸின் கண்டக்டர். எங்கள் கமாவுக்கு அவர் டிரைவர் பிரேக் போட்டுவிட்டாராம், ரெண்டு விசில் கேட்டுக் கிளம்பினாராம், திரும்ப பிரேக்காம். நாங்கள் விஷயத்தை விளக்கியதும் கரும்பலகையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், கும்பிட்டுச் சொன்னார்: "படிங்கம்மா, நல்லாப் படிங்க. ஆனா அந்தக் கமாவைச் சன்னலைச் சாத்திட்டுப் போடுங்க."

வீட்டுக்குள் போக்குவரத்து

இதை நான் வீட்டில் சொல்லிச் சிரித்திருக்கக் கூடாது. நிலா திருவிழாவில் வாங்கிய தன் விசிலைத் தேடி எடுத்துவிட்டாள். என் வீட்டுக்காரர் போலீஸ்காரர். டியூட்டி முடிந்து வந்து "நாளைக்கு..." என்று வாயைத் திறந்தால், பீ! நின்றுவிட வேண்டும். ரெண்டு விசில் வந்த பிறகுதான் நாளைக்கு என்ன என்று எனக்குத் தெரியும். ஒரு நாள் நிலா விசிலை வாயில் வைத்தபடி தூங்கிப்போனாள், பாதி வாக்கியத்தோடு அவர் அப்படியே நின்றார். "ரோட்டுல நான் ஊதினா லாரியே நிக்கும். வீட்டுல என்னைய நிப்பாட்டிட்டு ஊதுற ஆள் தூங்கிருச்சு."

மேனேஜரின் மூச்சு

மேனேஜர் வந்த அன்று பரமசிவம் அண்ணனைக் கையெடுத்துக் கும்பிட்டேன், விசில் பையிலேயே இருக்கட்டும் என்று. சத்தியம் பண்ணினார். புஷ்பம் அக்கா தாளில் ஒரே ஒரு கமா, ஸ்டீபன் தாளில் அழியாத கமா. மேனேஜர் முகம் மலர்ந்தது. குடோன் என் கண்ணைவிட்டு மறைந்தது. அதோடு அவர் போயிருக்கலாம். எழுந்து நின்று இங்கிலீஷில் பேச ஆரம்பித்தார். "ஃபர்ஸ்ட் ஆஃப் ஆல் ஐ ஆம் வெரி ஹேப்பி லாஸ்ட் இயர் வி ஹேட் மெனி ப்ராப்ளம்ஸ் ஹவ்எவர் திஸ் இயர்..." மனுஷன் நிற்கவே இல்லை, செங்கோட்டை எக்ஸ்பிரஸ் மாதிரி போய்க்கொண்டிருந்தார். பரமசிவம் அண்ணன் நெளிந்தார், வேர்த்தார், கை பைக்குப் போனது. நான் கண்ணாலேயே கெஞ்சினேன். பீ!

மேனேஜர் திறந்த வாயோடு நின்றார். ஜெசிந்தா அக்கா சிலுவை போட்டுக்கொண்டார். குடோன் திரும்பி வந்துவிட்டது, சரக்கோடு. என்ன செய்வதென்று தெரியாமல் பரமசிவம் அண்ணன் பழக்க தோஷத்தில் ரெண்டு விசில் அடித்தார். மேனேஜர் ஒரு மூச்சை இழுத்தார். "திஸ் இயர்," என்று சொல்லி நின்றார். பரமசிவம் அண்ணனைப் பார்த்தார். பீ பீ! "வி ஆர் டூயிங் வெல்." அப்புறம் "இன் த ஃபியூச்சர்," என்று நின்று, மறுபடி அவரைப் பார்த்தார். பேச்சு முடிந்தபோது எல்லோருக்கும் எல்லாம் புரிந்திருந்தது, அவருக்கும் சேர்த்து. ஜெசிந்தா அக்காவிடம் அடுத்த பேட்ச்சுக்கு ஆள் அனுப்புவதாகச் சொல்லிவிட்டுப் படியிறங்கப் போனவர், திரும்பி வந்து என் பக்கம் குனிந்து குரலைத் தாழ்த்தினார்: "திங்கட்கெழமை ஃபாரின் பார்ட்டிகூட எனக்கு ஒரு மீட்டிங் இருக்கு டீச்சர். பரமசிவத்தைப் பக்கத்துல உக்கார வச்சுக்கிட்டா, அவிய ஏதும் தப்பா நெனப்பாகளா?"

ஆக, இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கலாம் என்று வந்தவளுக்கு இன்றைக்குச் சோறு போடுவது ஒரு மினிபஸ் விசில்தான்.