தகரக் குரல்

எனக்குக் கண் தெரியாது. பள்ளிக்கூடம் முடிக்கும் முன்பே பார்வை போய்விட்டது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதியில் தெரிந்துகொண்டு நீங்கள் பாவப்பட ஆரம்பித்தால் எனக்குக் கோபம் வரும்.

மண்ணூர்பேட்டையில் தண்ணீர் மோட்டார் உதிரிபாகம் விற்கும் ஒரு கம்பெனியில், வாடிக்கையாளர்களின் புகார்களுக்குப் பதில் எழுதுவது என் வேலை. வந்த மெயிலைக் கம்ப்யூட்டர் படித்துக் காட்டும், நான் கேட்டுக்கொண்டே பதில் அடிப்பேன். படித்துக் காட்டுவது ஓர் இலவச மென்பொருளின் தமிழ்க் குரல். அது மனிதக் குரல் இல்லை, இயந்திரமே உருட்டித் திரட்டிப் பேசுவது. கேட்டால் தகரத்தில் ஆணியால் கீறுகிற மாதிரி இருக்கும். எங்கள் வீட்டில் அதற்குப் பெயரே தகரம்தான். “அந்தத் தகரத்த நிறுத்திட்டு சாப்பிட வாங்க” என்பாள் மனைவி.

தகரத்துக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. என் பெயர் பைபிளிலிருந்து எடுத்தது. எழுதினால் ‘கா’வில் தொடங்கும், ஆனால் அந்தக் ‘க’வை மெதுவாகச் சொல்லவேண்டும், ‘தங்க’த்தில் வருகிறதே, அப்படி. தகரத்துக்கு அந்த நாசூக்கெல்லாம் தெரியாது. “கா!” என்று காக்கைக்குச் சோறு வைக்கிறவர்கள் கூப்பிடுகிற மாதிரிதான் ஆரம்பிக்கும்.

இந்தத் தகரத்தை எனக்குக் கொடுத்தவர்கள் கட்டற்ற மென்பொருள்காரர்கள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேலப்பன்சாவடியில் ஒரு கல்லூரியின் கம்ப்யூட்டர் லேபில் கூடுவார்கள். யார் வேண்டுமானாலும் போகலாம். எழுதிய மென்பொருளை ஊருக்கே இலவசமாகக் கொடுத்துவிட்டு, உள்ளே எப்படி ஓடுகிறது என்பதையும் திறந்து வைத்துவிடுகிற வினோதப் பிறவிகள். சம்பளம் கிடையாது, சண்டை மட்டும் நிறைய உண்டு. சர்ச்சில் காலைப் பூசை முடிந்ததும் நான் கிளம்பிவிடுவேன். திருமுல்லைவாயில் ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டும் என் நண்பன்தான் கூட்டிப்போவான். லேபில் ஏசி ஓடுவதால் அவனும் கடைசி வரிசையில் உட்கார்ந்துவிடுவான்.

அந்தக் கூட்டத்தில் ஒரே ஒரு சட்டம். எவன் குறை சொல்கிறானோ, சரிசெய்கிற வேலை அவன் தலையில் விழும். “டீ ஆறிப்போச்சே” என்று ஒருமுறை வாயைக் கொடுத்துவிட்டேன். அடுத்த மாதத்திலிருந்து ஃபிளாஸ்க் தூக்கிக்கொண்டு வருவது என் பொறுப்பாகிவிட்டது.

போன கோடையில் ஒரு கூட்டம். கூட்டத்தை நடத்தும் தம்பி, குரலில் பெருமை பொங்க, புதிய தமிழ்க் குரல் ஒன்று தயாராகிவிட்டது என்றார். பூந்தமல்லியில் பள்ளி ஆசிரியையாக இருக்கும் ஒரு பெண்மணி தன் குரலைப் பதிவுசெய்து தானமாகக் கொடுத்திருந்தார். சத்தம் வரக்கூடாதென்று ஃபேனை நிறுத்திவிட்டு, கத்திரி வெயிலில், ஜன்னலுக்கெல்லாம் போர்வை கட்டிக்கொண்டு வாரக்கணக்கில் வாசித்தாராம். ஸ்பீக்கரில் போட்டுக் காட்டினார்கள். தெளிவான, கனிவான குரல். ழகரம் அவ்வளவு சுத்தம். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன், பொய்யாக இல்லை.

அதன் பிறகுதான் தம்பி அடுத்த விஷயத்தைச் சொன்னார். “பழைய குரல இனி எடுத்துடலாம்னு இருக்கோம். அதப் பாத்துக்கிட்டவர் வேற வேலைக்குப் போயிட்டாரு. கம்ப்யூட்டர்ல அடுத்த அப்டேட் வந்தா அது ஓடாது. புதுசுதான் இவ்ளோ நல்லா இருக்கே.”

என் கை தானாக லேப்டாப் பையைத் தேடியது.

பார்வை உள்ளவர்கள் ஒரு மெயிலை மேலிருந்து கீழே ஓர் ஓட்டமாகப் பார்த்துவிடுவார்கள். அதே ஓட்டத்தை நான் காதால் ஓடவேண்டும். அதனால் குரலை முடிந்த மட்டும் வேகமாக வைத்துக் கேட்பது என் பல வருடப் பழக்கம். நான் வளர்ந்தது ஆவடியில், அப்பா வேலை பார்த்த ராணுவத் தொழிற்சாலையின் குவார்ட்டர்ஸில். மதுரைத் தமிழ், நெல்லைத் தமிழ், கோவைத் தமிழ் எல்லாம் ஒரே மாடிப்படியில் கத்தும். காது அங்கேயே தேறிவிட்டது. மனிதக் குரலை அந்த வேகத்தில் விரட்டினால் எழுத்தெல்லாம் ஒன்றோடு ஒன்று ஒட்டிக் கூழாகிவிடும். தகரத்தை எவ்வளவு விரட்டினாலும் ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியாகத் துப்பும். பக்கத்து மேசைக்காரர்களுக்குச் சமமாக நான் வேலை முடிப்பது அதனால்தான். தகரம் போனால் வேகம் போகும், வேகம் போனால் அந்த நாற்காலி நிலைக்காது. “சார், உங்களுக்கு ஈஸியா வேற ஏதாவது வேலை பாக்கலாமா?” என்று புது மேனேஜர் ஏற்கெனவே அன்பாக விசாரித்திருந்தார். அவர் கோபப்பட்டிருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

எழுந்து நின்றேன். “தம்பி, ஒரு நிமிஷம். என் லேப்டாப்ப ஸ்பீக்கர்ல மாட்டுங்க.”

ஆபீசில் கேட்கிற வேகத்திலேயே ஒரு புகார் மெயிலைத் தகரத்திடம் படிக்கச் சொன்னேன். பொரபொரவென்று பொரிந்து தள்ளிவிட்டு நின்றது. லேப் முழுக்கச் சிரிப்பு. கடைசி வரிசையிலிருந்து என் ஆட்டோ நண்பன் கத்தினான்: “இன்னா நைனா இது, டப்பால கல்லப் போட்டு குலுக்கற மாரி கீது!”

சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தேன். பிறகு அந்த மெயிலை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். அம்பத்தூர்க்காரர் ஒருவர் வாங்கிய வால்வு ஒழுகுகிறது, மாற்றித் தராவிட்டால் கடைக்கே வந்து கத்துவேன் என்கிறார். அடுத்து அதே வேகத்தில் புதிய குரலை இன்னொரு மெயிலைப் படிக்க வைத்தேன். கொழகொழவென்று ஏதோ ஓடியது. “இதுல ஒரு வார்த்தைகூட எனக்குப் புரியல. நாளைக்கு ஆபீஸ்லயும் புரியாது. எனக்கு வேலை போயிடும்” என்றேன்.

குரல் கொடுத்த அந்த ஆசிரியையும் அன்று வந்திருந்தார். என் பக்கத்து நாற்காலியிலிருந்து கேட்டார்: “என் குரல் உங்களுக்குப் பிடிக்கலையா சார்?”

எனக்குச் சங்கடமாகிவிட்டது. “ரொம்பப் பிடிச்சிருக்கு டீச்சர். கதைப் புத்தகமெல்லாம் இனி நீங்கதான் எனக்குப் படிக்கணும். ஆனா வேலைக்கு எனக்குத் தகரம்தான் வேணும்.”

அவருக்கு வருத்தம்தான், இருக்காதா பின்னே. ஆனாலும் அவரே தம்பியிடம் சொன்னார்: “ரெண்டும் இருக்கட்டுமே.”

“இருக்கட்டும் மேடம். ஆனா பழச யாரு பாத்துக்கறது?” என்றார் தம்பி.

இந்தக் கூட்டத்தின் சட்டம் எனக்குத் தெரியாதா? ஃபிளாஸ்க் என் காலடியில்தான் இருந்தது.

“நான் பாத்துக்கறேன்” என்றேன். எனக்குத் தெரிந்த புரோகிராமிங் எல்லாம் அந்த லேபில் அங்கங்கே பொறுக்கியதுதான். சொல்லிவிட்டு, சொல்லியிருக்க வேண்டாமோ என்றுகூடத் தோன்றியது.

அதன் பிறகு எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் போயின என்று மனைவியைக் கேட்டால் சொல்வாள், ஆனால் நல்ல வார்த்தையில் சொல்லமாட்டாள். தம்பி போனில் பொறுமையாக வழிகாட்டினார். ஒன்றைத் திருத்தினால் மூன்று உடைந்தது. ஒரு வாரம் தகரம் பேச்சையே நிறுத்திவிட்டது, நான் சாப்பாட்டை நிறுத்திவிட்டேன். ஆசிரியை, தான் வாசித்த வாக்கியங்களையே தகரத்துக்கும் கொடுத்து, அது எங்கே தடுக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுச் சொன்னார். அது அவராக இழுத்துப் போட்டுக்கொண்ட வேலை.

போன மாதம் புதிய பதிப்பு வெளியானது. இரண்டு குரலும் அதில் உண்டு. ஆபீசில் நான் அதே மேசையில், அதே வேகத்தில் இருக்கிறேன்.

வெளியான அன்று அறிமுகப் பக்கத்தைத் தகரத்தையே படிக்கச் சொன்னேன். பழைய குரல் தொடர்கிறது, அதைப் பராமரிப்பவர் இன்னார் என்று என் பெயரில் வந்து நின்றது. “கா!” என்றது.

இப்போது அதைத் திருத்துகிற உரிமை என்னிடமே இருக்கிறது. உச்சரிப்பு விதிகளில் ஒரே ஒரு வரி சேர்த்தால் போதும். சேர்த்தேன். மறுபடி படிக்கச் சொன்னேன். அம்மா கூப்பிட்ட மாதிரி, மாதா கோயிலில் சாமியார் கூப்பிடுகிற மாதிரி, மெத்தென்று சரியாகச் சொன்னது.

அழகாகத்தான் இருந்தது. ஆனால் அது வேறு யாரையோ கூப்பிட்டது. இத்தனை வருடம் என்னைச் சம்பாதிக்க வைத்த குரல் என்னை ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

அந்த வரியை அழித்தேன். இன்னொரு முறை படிக்கச் சொன்னேன்.

“கா!” என்றது.

“இருக்கேன்” என்றேன்.