பாதி வரி சொன்ன வக்கீல்

வக்கீல் ஞானாபரணம் இறந்த செய்தி எனக்கு பஸ்ஸில் வந்தது. பூதப்பாண்டியில் என் வீட்டு முன்னால் ஒருநாளும் நிற்காத வண்டி அன்று நின்றது. கண்டக்டர் படியில் நின்றபடியே சொன்னான்:

“அண்ணாச்சி, கருங்கல் வக்கீலு இறந்துட்டாராம். நாளைக்குக் காலம்பற அடக்கம்.”

“எந்த வக்கீலு?” என்று கேட்டேன்.

“நீங்க கூடச் சேந்து சட்டசபைக்குப் போவீங்களே, அவருதான்.”

கருங்கலில் எனக்கு ஒரே ஒரு வக்கீலைத்தான் தெரியும். ஏன் அப்படிக் கேட்டேன் என்று இப்போதும் விளங்கவில்லை. அவர் சம்பந்தமாக எனக்கு விளங்காதவை இன்னும் இருக்கின்றன. அவரை அறிந்தவர்கள் படிப்பீர்கள் என்பதால் மறைக்காமல் எழுதுகிறேன்.

திருவனந்தபுரத்துச் சட்டசபைக்கு நான் தேர்ந்தெடுக்கப்பட்டபோது எனக்கு நெல்லும் தண்ணீரும் தெரியும். இங்கிலீஷ் ஒரு எழுத்து தெரியாது. முதல் வருஷம் நிதிக் காரியதரிசி எழுந்து பட்ஜெட் வாசிக்கத் தொடங்கினார். சுற்றிலும் தலைகள் ஆடின. நானும் ஆட்டினேன். முன்வரிசையில் இருந்த ஒருவர் தம் காகிதங்களை அள்ளிக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். “ஓய், ஆட்டாதேயும். உம்மக்க ஊருக்கு ரோடு இல்லன்னு சொல்லுதாரு” என்றார். அவர்தான் ஞானாபரணம்.

அன்று முதல் நான் கேட்ட பட்ஜெட்டெல்லாம் அவர் வாயால் கேட்டதுதான். காரியதரிசி ஒரு பக்கம் வாசிப்பார். இவர் ஒரு வரியில் முடிப்பார். “மிச்சம் இருக்கு, ஆனா தர மாட்டோம்னு ஒரு மணிக்கூறாட்டுச் சொல்லுதாரு.” நான் சிரித்துவிடுவேன், சபைத் தலைவர் எங்களை முறைப்பார். ஒரு தடவை வெளியே வரும்போது சொன்னார்: “பட்ஜெட்டுல பெரிய வாக்கெல்லாம் விட்டிரும் ஓய். ‘ஆனால்’ங்கது எங்க வருதுன்னு மட்டும் பாத்தாப் போரும்.” அந்த ‘ஆனால்’ எதையும் அவர் தவறவிட்டு நான் பார்த்ததில்லை; மூன்றாவது வருஷம் வரைக்கும்.

அது நெல் விலை தரைக்கு வந்திருந்த காலம். அறுத்ததை விற்று நீர்வரி கட்டினால் விதைக்கு மிஞ்சாது. வரியைக் குறைக்கச் சொல்லி நான் ஒரு வெட்டுப் பிரேரணை கொடுத்திருந்தேன். அதன் மேல் நான் எழுந்து பேசவேண்டும். பட்ஜெட் அன்று காலை எனக்கு இட்லி இறங்கவில்லை. “என்ன ஓய் வெப்ராளம்? சபையில கடிச்சுத் தின்னக் கடுவாயா கெடக்கு?” என்றார் வக்கீல். பேச்சுக் குறிப்பை நான் மடித்து மடித்தே கிழித்துவிட்டதை அவர் பார்த்தார். அதையும் இங்கே சொல்லிவைக்கிறேன்.

காரியதரிசி நீர்வரிப் பகுதிக்கு வந்ததும் வக்கீல் குனிந்து என் காதில் சொன்னார்: “பாதியாக் கொறச்சாச்சு.”

“உள்ளதா? நெசமா?”

“உள்ளதுதான் ஓய்.”

அன்று மாலையே பிரேரணையைத் திரும்பப் பெறுவதாகக் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டு ஊருக்கு பஸ் ஏறினேன். வயலில் முதல் போகமான கன்னிப்பூ நெல் கதிர் வாங்கிக்கொண்டிருந்தது. ஊரார் எனக்கு மாலை போட்டார்கள். பெண்கள் குரவையிட்டார்கள். செண்பகராமன் என்ற விவசாயி என்னைக் கட்டிப்பிடித்து அழுதான். விற்க இருந்த வயலை இனி விற்கவேண்டாம் என்று முடிவுசெய்துவிட்டான்.

பத்து நாள் கழித்து அச்சிட்ட பட்ஜெட் உரை வந்தது. பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டரை வாசிக்கச் சொன்னேன். அவர் அந்த இடத்தை மூன்று தடவை வாசித்தார். நீர்வரியைப் பாதியாகக் குறைக்கவேண்டும் என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். ஆனால் இந்த வருஷம் அதற்கு வழியில்லை என்றிருந்தது. சபையில் ஓட்டெடுப்பும் முடிந்திருந்தது. செண்பகராமன் வயல் அடுத்த வாரமே கைமாறியது.

கருங்கலுக்குப் போனேன். அன்று சந்தை நாள். வீட்டு வாசல் வரை வாழைக்குலை வண்டிகள். வக்கீல் அந்தப் பக்கத்தை வாங்கிப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார்.

“எனக்குக் கேட்டது இப்பிடி இல்ல.”

“பின்னே எப்பிடிக் கேட்டுது?”

“உம்மகிட்டச் சொன்ன மாதிரியாக்கும்.”

“வக்கீலே, தெரிஞ்சு சொன்னீரா, தவறிச் சொன்னீரா?”

பக்கத்தை மடித்து என் கையில் தந்தார். பிறகு, “ஞாயித்துக்கிழம ஆராதனை முடிஞ்சு வாறேன். ஊரக் கூட்டும்” என்றார். அது என் கேள்விக்குப் பதில் இல்லை.

சொன்னபடி வந்தார். குளத்துக் கரையில் இருநூறு பேர் கூடியிருந்தார்கள். வக்கீல் கோட்டும் தலைப்பாகையுமாக நின்று, “தப்பு எனக்கது. இவருக்கு இங்கிலீஷ் தெரியாது. நான் சொன்னத நம்பினாரு. ஏசணும்னா என்னைய ஏசுங்க” என்றார். ஏசினார்கள். செண்பகராமன் முன்னால் வந்து, “ரெண்டு பேரும் எவ்வளவு வாங்கினிய? எனக்க வயலத் திருப்பித் தருவியளா?” என்று கத்தினான். கெட்ட வார்த்தைகளும் வந்தன.

வக்கீல் என் பக்கம் திரும்பினார். முகத்தில் கோபமில்லை, பயமில்லை. கையைக் காதருகே வைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்: “என்ன சொல்லுதாவ?”

நான் திகைத்துப்போனேன். அவருக்குக் காது கேட்காது என்ற நினைப்பே அந்த நிமிஷம்தான் எனக்கு வந்தது. சபையில் கேட்காத காதை வைத்துக்கொண்டா எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்?

“போட்டும், பரவாயில்லன்னு சொல்லுதாவ” என்றேன்.

வக்கீல் கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டார். ஏசினவர்களையே கும்பிட்டவரைப் பார்த்ததும் ஆட்களுக்குச் சத்தம் குறைந்தது. ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். பஸ்ஸுக்கு அவரை நடத்திக்கொண்டு போனேன். ஏறும்போது என் தோளில் கை வைத்தார்.

“மொழிபெயர்ப்பு நல்லாருந்துது ஓய்.”

பஸ் போய்விட்டது. அடுத்த தேர்தலில் நான் தோற்றேன். அவர் நிற்கவே இல்லை. அதன்பிறகும் பல தடவை சந்தித்தோம்; பலாப்பழம், பேரப்பிள்ளைகள், மழை என்று பேசினோம். அதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். என் பயத்தைப் பார்த்து இரங்கி அப்படிச் சொன்னாரா? யாராவது சொல்லச் சொன்னார்களா? காதுதானா? மூன்றையும் மாற்றி மாற்றி நம்பிப் பார்த்திருக்கிறேன். எதுவும் ஒரு வாரத்துக்கு மேல் நிற்பதில்லை.

அடக்கத்துக்குப் போனபோது அவர் மனைவியிடம் விசாரித்தேன். “சபைக்குப் போன காலத்துல காது நல்லாத்தான் இருந்துது” என்றார். பக்கத்தில் நின்ற அவர் தம்பி, “இல்ல மைனி, அதுக்கு முன்னமே போச்சு. அண்ணன் வெளிய காட்டிக்கிடல்ல” என்றார். இருவரும் அங்கேயே தர்க்கம் பண்ணத் தொடங்கினார்கள். நான் விலகி வந்துவிட்டேன்.

செண்பகராமனும் வந்திருந்தான். என்னோடு ஒரே பஸ்ஸில்தான் வந்தான். குழியருகே என் கையைப் பிடித்தான்.

“அண்ணாச்சி, அன்னைக்கு நான் பேசினது அவருக்குக் கேட்டிருக்குமா?”

“கேக்கல்ல மக்கா” என்றேன்.

அவன் குனிந்து ஒரு பிடி மண் அள்ளிப் போட்டான்.

ஞானாபரணத்திடமிருந்து என்னிடம் இருப்பது ஒரு கடிதமோ படமோ அல்ல. ஒரு கூட்டமே ஏசிக்கொண்டிருக்கும்போது என் வாயைப் பார்த்து, நான் சொன்னதை மட்டும் ஏற்றுக்கொண்டு கும்பிட்டாரே, அந்த நிமிஷம்தான் இருக்கிறது. அவருக்கு எல்லாம் கேட்டதா, ஒன்றும் கேட்கவில்லையா என்று எனக்குத் தெரியாது. என்னை நம்பினார் என்பது மட்டும் தெரியும்.